தான மாட்டையும் பல் பிடித்துப் பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பது நம் நாட்டுப் பழமொழி. கொடுப்பவர் மனம் நோகக் கூடாது என்னும் நல்ல பண்பில் பிறந்த சொல் அது. கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவும், கொடுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் ஒரு மாடாகவும் இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்றோ கொடுப்பது கடல் கடந்த ஒரு பெரு நிறுவனம். கொடுக்கப்படுவது நம் வீட்டுக் கணினியை நடத்தும் இயங்குதளம். கொடுக்கும் முறையோ, திரையில் திடீரென்று தோன்றும் ஓர் ஆங்கில அறிவிப்பு! இந்நிலையில் அந்தப் பழமொழியை அப்படியே பின்பற்ற முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதைக் கட்டுவதற்குத் தொழுவம் தயாராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இது மாட்டை விரட்டுவதற்காக அன்று. வாங்கி நல்லபடியாக வைத்துக் கொள்வதற்காகவே.

“பொத்தானை அழுத்தினால் தானாக ஆகிவிடப் போகிறது, இதற்கு ஒரு கட்டுரையா?” என்று நண்பர்கள் கேட்கலாம். நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் படிக்க வந்திருப்பவர் பலர். நம் வீடுகளில் ஒரு கணினி இருக்கிறது என்றால், அது கடன் வாங்கியோ, பழையதாக வாங்கியோ, உறவினர் கொடுத்தோ வந்ததாக இருக்கும். தங்கையின் பாடம், அண்ணனின் வேலை விண்ணப்பம், அம்மாவின் சுய உதவிக் குழுக் கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால், வீட்டிலுள்ளவர்கள் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால், எது பெரிய பொத்தானோ அதை அழுத்தி விடுவார்கள். ஆகவே இது நமக்குச் சிறிய செய்தி அன்று.

இலவசத்தின் வரலாறு

2015 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்தை வெளியிட்டது. விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 ஆகியவற்றை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக் காலத்துக்குள் விலையின்றி அதற்கு மாறிக் கொள்ளலாம் என்று அறிவித்தது. அதுவரை கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பொருள் வீடு தேடி இலவசமாக வந்ததில் உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2016ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. மேம்பாட்டு அறிவிப்பின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடினால், வேண்டாம் என்று பொருள்படும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் அப்படி மூடியதும் சம்மதமாகவே கொள்ளப்பட்டு, குறித்த நேரத்தில் கணினி மாறத் தொடங்கியது. எதிர்ப்பு வலுத்த பின்னரே நிறுவனம் அந்த முறையை மாற்றிக் கொண்டது. அதே ஆண்டில், தாம் ஒப்புதல் தராத மேம்பாட்டால் தம் அலுவலகக் கணினி பாழாயிற்று என்று கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் நடத்தும் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். அவருக்கு 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டிலேயே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

பின்னர் 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இதுவும் விலையில்லாதது. ஆனால் இம்முறை கணினிக்குச் சில தகுதிகள் விதிக்கப்பட்டன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. அன்று முதல் இந்த இலவசம் வெறும் வசதியாக இல்லாமல், ஓர் அவசரமாகவும் ஆகிவிட்டது.

நிறுவனம் ஏன் இலவசமாகத் தருகிறது? நாலைந்து பழைய பதிப்புகளைக் கட்டிக் காப்பதைவிட, எல்லோரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்து விடுவது அதற்குச் செலவு குறைவு. புதிய பதிப்பில் நாம் அந்நிறுவனத்தின் கணக்கில் நுழைகிறோம். அதன் இணையச் சேமிப்பகத்தைப் பயன்படுத்துகிறோம். ஒன்டிரைவ் என்னும் அச்சேமிப்பகத்தில் 5 ஜிபி வரை இலவசம். அதற்கு மேல் கட்டணம். வாணிகத்தில் இது குற்றம் இல்லை. ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்வது நல்லது.

மாறாமல் இருந்து விடலாமா?

“ஓடுகிற கணினியை ஏன் தொட வேண்டும்? அப்படியே விட்டுவிடலாம்” என்பது மற்றொரு சாராரின் வாதம். இதையும் என்னால் ஏற்க இயலவில்லை. 2017 மே 12 அன்று வானாகிரை என்னும் பணம் பறிக்கும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று அது மிரட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது! திருத்தத்தை ஏற்றியிருந்த கணினிகள் தப்பின, ஏற்றாதவை மாட்டிக்கொண்டன. ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கோ, வழக்கமான திருத்தமே வராது. கதவில் ஓட்டை இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும். அடைக்கத் தச்சர் வரமாட்டார் என்பதுதான் அதன் நிலை.

2025இல் நிறுவனம் ஓர் இடைக்கால ஏற்பாட்டையும் அறிவித்தது. விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்பதே அது. இதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டு கட்டணமின்றிப் பெறலாம். இது மூச்சு வாங்க ஓர் இடைவெளி; தங்கி வாழும் இடம் அன்று.

ஆக, மாறத்தான் வேண்டும். ஆனால் தயாராகி மாற வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையேதான் என் கருத்து நிற்கிறது.

முதலில் பத்திரங்கள்

வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் முன் சுவரில் உள்ள படங்களைக் கழற்றி வைப்பது வழக்கம். கணினியில் அதை நாம் செய்வதில்லை. மேம்பாட்டுக்கு முந்திய வேலைகளில் தலையாயது கோப்புகளை நகல் எடுப்பதே. மற்றவை எல்லாம் இதற்குப் பின்தான்.

“மேம்பாடு செய்தால் கோப்புகள் அழியாது என்று நிறுவனமே சொல்கிறதே” எனலாம். பெரும்பாலும் அழிவதில்லை, உண்மைதான். ஆனால் 2018 அக்டோபர் மாதத்தில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று சிலருடைய கணினிகளில் ஆவணங்கள், படங்கள் இருந்த கோப்புறைகளையே அழித்துவிட்டது. சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்த மைக்ரோசாஃப்ட், பிழையைத் திருத்தி நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் மிகச் சிலர் என்பது புள்ளிவிவரத்துக்கு ஆறுதல். அந்தச் சிலரில் ஒருவராக இருப்பவருக்கு அது ஆறுதல் ஆகுமா?

எங்கள் தெருவில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் மூன்றாண்டுக் கணக்கு ஒரு கணினியில் இருந்தது. அதை வைத்திருந்த அக்கா, புதிய விண்டோஸ் போட வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவித் தந்தார். கணினி முன்னிலும் வேகமாக ஓடியது. கணக்குதான் இல்லை! அக்கா சொல்லவில்லை, கடைக்காரர் கேட்கவில்லை. பிறகு பதினான்கு பெண்கள் தத்தம் கைப்புத்தகங்களைக் கொண்டுவந்து, பல மாலைகள் உட்கார்ந்து அந்தக் கணக்கை மீண்டும் எழுதினார்கள். ஒரு பென்டிரைவில் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

எவற்றை நகல் எடுப்பது? சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படிகள் தொலைந்தால் அலைந்து திரிந்தாவது மீண்டும் பெறலாம். மறைந்த பாட்டியின் படத்தை எந்த அலுவலகத்தில் பெறுவது? தம்பி முதன்முதலாகப் பேசியதைப் பதிந்த ஒலிக்கோப்பை யார் தருவார்? திரும்பக் கிடைக்காதவற்றை முதலிலும், அலைந்து பெறக் கூடியவற்றை அடுத்தும் எடுக்க வேண்டும். பாட்டும் திரைப்படமும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு இடங்களையும் தவறாமல் பார்க்க வேண்டும். நம்மில் பலருடைய சொத்து டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான் கிடக்கிறது.

நகல் இரண்டு இடங்களில் இருப்பது நலம்: ஒன்று வெளி வட்டிலோ பென்டிரைவிலோ, மற்றொன்று இணையச் சேமிப்பகத்திலோ, நம்பிக்கையான நண்பரின் கணினியிலோ. எடுத்த நகலை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணத்தைப் போன்றது. உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். சில மடிக்கணினிகளில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் அடிப்படை அமைப்புகளை மாற்றினால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடக் கூடும். அந்த எண்ணை முன்னதாகவே எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லையேல் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க இயலாது.

பல் பார்க்கும் முறை

மாட்டுச் சந்தையில் இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று பல்லை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். கணினிக்கும் அப்படிப் பார்க்க வழி உண்டு. விண்டோஸ் 11 கேட்பவை இவை: இரண்டு உட்கருக்களாவது கொண்ட 64 பிட் செயலி; குறைந்தது 4 ஜிபி நினைவகம்; 64 ஜிபி சேமிப்பு; பாதுகாப்பான தொடக்கத்துக்கு இடம் தரும் புதிய வகை அடிப்படை நிரல்; டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு.

இவற்றில் கடைசியதுதான் பலரையும் தடுமாற வைக்கிறது. டி.பி.எம். என்பது சாவிக்கொத்தை வைத்துப் பூட்டும் ஒரு சிறு இரும்புப் பெட்டி போன்றது. கடவுச்சொல் தொடர்பான மறைகுறிச் சாவிகளை மற்ற நிரல்கள் தொட முடியாதபடி அது தனியே காக்கிறது. 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பெரும்பாலான கணினிகளில் இது இருக்கிறது. ஆனால் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினிகளில் பல வேளை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். “உங்கள் கணினிக்குத் தகுதி இல்லை” என்று திரை சொன்னவுடன் மனம் தளர வேண்டாம். கணினி தொடங்கும் போதே பயாஸ் அமைப்புக்குள் சென்று பார்த்தால், இன்டெல் கணினியில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினியில் எஃப்.டி.பி.எம். என்றும் ஒரு வரி இருக்கும். அதை இயக்கிவிட்டாலே தகுதி வந்துவிடக் கூடும். இதை அறியாமல் புதுக் கணினி வாங்குவது, திண்ணையில் உள்ள குடையை மறந்து கடைக்கு ஓடுவது போலாகும்.

அடுத்தது செயலி. இன்டெல் செயலியானால், ஒருசில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமே ஏற்கப்படும். அத்தலைமுறை 2017இல் வெளிவரத் தொடங்கியது. ஐ5 என்பதை அடுத்து வரும் எண் 8250 எனில் எட்டாம் தலைமுறை. 6200 எனில் ஆறாம் தலைமுறை. இதைப் பயாஸில் மாற்ற முடியாது. இவ்வளவையும் ஒரே முறையில் பார்த்துச் சொல்ல, பி.சி. ஹெல்த் செக் என்னும் நிரலை மைக்ரோசாஃப்ட் விலையின்றித் தருகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இலவசம், முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கே உரியது. நம் ஊர்களில் பழைய கணினி வாங்கும் போது கடைக்காரர் ஏற்றித் தரும் பிரதி உரிமம் பெற்றதுதானா என்று யாரும் கேட்பதில்லை. செட்டிங்ஸ் பகுதியில் ஆக்டிவேஷன் என்ற இடத்தில் அது தெரிந்துவிடும். உரிமம் இல்லாவிட்டால் இந்த இலவசம் நமக்கில்லை. வேறு இலவசம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் எழுத்தைக் காப்போம்

ஆங்கிலத்தில் வெளிவரும் வழிகாட்டிகள் நமக்குச் சொல்லாத ஒரு முன்னேற்பாடு உண்டு. அது தமிழ் எழுத்துருக்களைப் பற்றியது. பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் பல வீடுகளிலும், அச்சகங்களிலும், கணினி மையங்களிலும் இருக்கின்றன. அவை ஒருங்குறியில் அமைந்தவை அல்ல. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளமாகத் தோன்றும். இருக்கும் விண்டோஸின் மேலேயே மேம்பாடு செய்தால் எழுத்துருக்கள் பொதுவாகத் தங்கிவிடும். வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால் அவையும் போய்விடும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது!

ஆகவே, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் பகுதியிலிருந்து நம் தமிழ் எழுத்துருக்களையும் நகல் எடுக்க வேண்டும். தட்டச்சுக்கு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறோமோ அதன் நிறுவு கோப்பையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் நல்லது, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது. அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னும் நம் திருமண அழைப்பிதழும் சங்கத் தீர்மானமும் பழைய எழுத்துருவில் சிறைப்பட்டுக் கிடப்பது நமக்குப் பெருமை அன்று. இந்த மேம்பாட்டுக் காலம் அவற்றை விடுவிக்க நல்ல தருணம்.

மாற்றும் நாள்

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேம்பாட்டுக்குப் பல ஜிபி அளவு பதிவிறக்கம் ஆகும். நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி மட்டும் கிடைக்கும் கைப்பேசி இணைப்பில் அதைத் தொடங்கினால் பாதியில் நிற்கும். அகன்ற இணைப்பு உள்ள இடத்தில் ஒரு முறை இறக்கிப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வது சிக்கனம். வட்டில் இருபத்தைந்து, முப்பது ஜிபி காலியிடம் இருந்தால் நெருக்கடி இராது. மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் தொடங்கக் கூடாது. மடிக்கணினியானால் மின் இணைப்பிலேயே இருக்க வேண்டும். மேசைக் கணினியானால் யு.பி.எஸ். வேண்டும். அச்சுப்பொறி முதலியவற்றைக் கழற்றி வைக்கலாம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் இவ்வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மாறிய பின் பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள் தவணை உண்டு. அந்தப் பத்து நாளில் நம் வீட்டு வேலைகள் அத்தனையையும் ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். அச்சுப்பொறி ஓடுகிறதா? தமிழ்த் தட்டச்சு வருகிறதா? கணக்குக் கோப்பு திறக்கிறதா? வட்டில் இடம் வேண்டும் என்று பழைய கோப்புறையை அவசரப்பட்டு அழித்துவிட்டால், திரும்பும் வழி அடைபடும்.

தகுதி இல்லாவிட்டால்?

எங்கள் வீட்டில் இருப்பது ஆறாம் தலைமுறைச் செயலி கொண்ட பழைய கணினி. அது இந்தத் தேர்வில் தேறவில்லை. “இனி இது குப்பை, மாற்றி வாங்குங்கள்” என்று ஒருவர் அறிவுரை கூறினார். நெல் அரவை ஆலையில் மூட்டை சுமக்கும் என் தந்தையாருக்குப் புதுக் கணினியின் விலை சில மாதக் கூலி. நேற்று வரை ஓடிய பொருள், ஒரு தேதி கடந்ததால் மட்டும் குப்பை ஆகிவிடுமா? ஆகாது என்று நான் வாதிடுகிறேன். ஆதரவு முடிந்தது மென்பொருளுக்குத்தான். கணினியின் கம்பிக்கும் சில்லுக்கும் அன்று.

இங்கேதான் இரண்டாவது இலவசம் வருகிறது. ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் முதலிய இயங்குதளங்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கு விலையும் இல்லை; கள்ளப் பிரதி என்ற பேச்சும் இல்லை. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கி, திரை, ஒலி, இணைய இணைப்பு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பல் பிடித்துப் பார்க்கத் தானாகவே வாயைத் திறந்து காட்டும் மாடு இது! விண்டோஸ் 10 ஆதரவு முடிவை ஒட்டி, இத்தகைய கணினிகளைக் காப்பாற்ற ‘எண்ட் ஆஃப் 10’ என்னும் இயக்கத்தைக் கே.டி.இ. உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள் குழுவினர் 2025இல் தொடங்கினர்.

இது நமக்குப் புதியதும் அன்று. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011இல் தமிழ்நாடு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கேரள அரசுப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகக் கணினிப் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. அங்குள்ள பத்து வயதுச் சிறுவனால் முடிவது நம்மால் முடியாதா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கு என்றே எழுதப்பட்ட சில கணக்கு மென்பொருள்களும், பக்க வடிவமைப்பு மென்பொருள்களும் லினக்ஸில் ஓடா. அவற்றை நம்பித் தொழில் செய்பவர் மாறுவதற்கு முன் பலமுறை எண்ண வேண்டும். ஆனால் பாடம் படிக்க, விண்ணப்பம் அனுப்ப, கட்டுரை தட்டச்சு செய்ய என்று மட்டும் கணினியைப் பயன்படுத்தும் வீட்டுக்கு அது போதும். எங்கள் கணினியில் கோப்புகளை நகல் எடுத்து, இரண்டு நாள் பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்த்து, பிறகு லினக்ஸ் மின்ட்டை நிறுவினேன். என் தங்கை அதில்தான் பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். செலவு ஒரு பென்டிரைவின் விலை.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் தனி ஒருவர் தம் வீட்டில் செய்யக் கூடியவை. ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரு கல்லூரி மாணவர் இருப்பதில்லை. எல்லோரிடமும் வெளி வட்டு இருப்பதில்லை. எனவே பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒன்றை முன்வைக்கிறேன். நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை, வீட்டுக் கணினி முகாம் ஒன்று நடத்தலாம். மாணவரும் ஊராரும் தம் கணினிகளைக் கொண்டு வரட்டும். முதல் மேசையில் நகல் எடுத்தல். இரண்டாம் மேசையில் தகுதி பார்த்தல். மூன்றாம் மேசையில் விண்டோஸா, லினக்ஸா என்று அவர்களுக்குத் தமிழில் விளக்கி, அவர்களே முடிவெடுக்கச் செய்தல். பதிவிறக்கம் ஒரு முறை செய்தால் நூறு கணினிகளுக்கு ஆகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதைச் சிற்றூர்களுக்கும் எடுத்துச் செல்லலாம்.

“கல்லூரி என்ன கணினிக் கடையா?” என்று சிலர் நினைக்கலாம். கண் சிகிச்சை முகாம் நடத்துவதால் கல்லூரி மருத்துவமனை ஆகிவிடுவதில்லையே! கடையில் வேலை நடக்கும், விளக்கம் கிடைக்காது. விளக்குவதற்கு என்று இருக்கும் இடம் கல்லூரி. கணினி அறிவியல் படிக்கும் நண்பர்களுக்கு ஏட்டுக் கல்வியாக இருக்கும் இயங்குதளப் பாடம், அன்று ஒரு தாயின் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றும் கல்வியாக மாறும்.

நண்பர்களே! இயங்குதளத்தை நிறுவனம் இலவசமாகத் தரலாம். இன்னொரு நாள் அதை நிறுத்தவும் செய்யலாம். அது அவர்கள் பொருள். கணினிக்குள் இருக்கும் கணக்கும் கடிதமும் படமும் எழுத்தும் நம் பொருள். அவற்றைத் திருப்பித் தர எந்த நிறுவனமும் கடமைப்பட்டதன்று. ஆகையால், முன்னேற்பாட்டைச் செய்த பிறகே ‘ஆம்’ என்ற பொத்தானை அழுத்துவோம். அதை அழுத்தும் விரல், என்ன செய்கிறோம் என்று அறிந்த விரலாக இருக்கட்டும். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் உள்ளதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, பிறகு அழுத்துவோம். வீட்டின் முதல் பட்டதாரிகள் தம் வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் இதுவும் ஒன்று.